படலைச் சாத்தி வைப்பவர்க்கு உரிய பங்கு

(மேய்ச்சல் நிலமும் மானியமும் என்ற பொருள் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு)



மண்ணைக் கெடுக்காமலும், கெட்டுப்போன மண்ணை மீண்டும் உயிர்ப்பிக்கும் வகையிலும் கால்நடைகளை மேய்ப்பவர்களுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்ய வேண்டுமா, செய்வதானால் எந்தக் காரியத்துக்காக, யார் கையில், எந்த மாதத்தில் அதைக் கொடுக்க வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க வந்திருக்கும் விஷயம். ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக அறிவித்திருப்பதனால், இதுவரை பெரும்பாலோர் ஏறெடுத்துப் பாராத இந்தத் தொழிலைப் பற்றிப் பல தேசங்களிலும் பேச்சு எழுந்திருக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்று சட்டங்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கில் பணமும் செலவாகிறது. அவற்றுள் சிலவற்றைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் காங்கயத்து மேட்டுக்காட்டிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஏனெனில் புதிய சாஸ்திரம் இன்று கண்டுபிடித்ததாகச் சொல்லும் முறை அங்கே பல தலைமுறைகளாக நடந்து வருகிறது, அதை நடத்தி வருபவர்களோ அதைக் கைவிடும் நிலையில் நிற்கிறார்கள்.

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில், அரவக்குறிச்சி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் பூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் அமைந்தது. ஆடி மாதத்துப் பருவக்காற்று அங்கே பெரும்பாலும் வெறுங்காற்றாகவே வீசிப் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் பெய்வதே அவர்களுக்கு மழை, அதுவும் பெய்தால் உண்டு. செம்மண்ணும் சரளையும் கலந்த அந்த நிலத்தில் ஆண்டுதோறும் உழுது விதைத்தால் மேல்மண் காற்றோடு போகும், போட்ட முதலும் உடன் போகும் என்பதை அனுபவத்தால் உணர்ந்த கொங்கு வேளாண் மக்கள், நிலத்தைப் புல்லுக்கே விட்டுவிட்டு, அந்தப் புல்லை மாடாகவும் ஆடாகவும் மாற்றிக்கொள்ளும் உபாயத்தைக் கண்டார்கள். அந்த ஏற்பாட்டுக்குக் கொறங்காடு என்று பெயர். மதுரையைச் சேர்ந்த சேவா என்னும் தொண்டு நிறுவனம் இதைப் பற்றிப் பரிவோடு எழுதி வைத்திருக்கிறது. அப்படி எழுதப்படாமலிருந்தால் பட்டணத்தில் வாழும் நமக்கு இதன் பெயர்கூட எட்டியிருக்காது.

ஒரு கொறங்காட்டின் கடவில் நின்று அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நாற்புறமும் கிளுவை வேலி. மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக ஊன்றிவிட்டால் அவை வேர் பிடித்து, முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டு, வெள்ளாடும் நுழைய முடியாத உயிர்வேலியாக நின்றுவிடும். கம்பியும் கல்தூணும் வேண்டுவதில்லை. உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரங்கள். அவற்றின் நிழல் கனமான நிழல் அன்று, கீழே புல் வளர்வதற்கு வேண்டிய வெயிலை விட்டுக்கொடுக்கும் நிழல். கோடையில் புல் காய்ந்து நிற்கும் காலத்தில் அந்த மரத்தின் காய்கள் உதிர்கின்றன; ஆடுகள் அவற்றைப் பொறுக்கித் தின்று கோடையைக் கடக்கின்றன. தரையில் கொழுக்கட்டைப்புல். நீலங்கலந்த பசுமையான அதன் தூர்களுள் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கைதான் வலிக்கும். வேர் அவ்வளவு ஆழம் போயிருக்கிறது. கடவில் முள்ளும் மரக்கொம்பும் சேர்த்துக் கட்டிய ஒரு படல். அந்தப் படல் திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்பதிலேதான் கொறங்காட்டின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

மழை பெய்து புல் துளிர்க்கும்போது படலைச் சாத்திவிடுகிறார்கள். கண்ணெதிரே பச்சை விரிந்து கிடக்க, பசுவும் கன்றும் வேலிக்கு வெளியே நின்று கத்தினாலும், புல் கதிர் விட்டு விதை உதிர்க்கும் வரையில் திறப்பதில்லை. பிறகு ஒரு காட்டில் சில காலம் மேய்த்து, அது அடிக்கட்டையாகும் முன்பே அடுத்த காட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். மாடு மேய்ந்த இடத்தில் மாடு விட்ட சிறு புல்லைச் செம்மறி மேய்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, மறுபடியும் புல்லுக்கே விடுகிற வழக்கமும் உண்டு. செய்வது இவ்வளவுதான். ஆனால் இந்தக் காரியம் முழுவதும் பொறுமையால் ஆனது. அந்தப் பொறுமைக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை இன்றுவரை காட்டை வைத்திருப்பவர் ஒருவரே கொடுத்து வருகிறார்.

இதிலுள்ள தத்துவத்தைச் சாஸ்திர முறையில் விளக்கியவர்களுள் முக்கியமானவர் பிரான்ஸ் தேசத்தின் நார்மண்டிப் பகுதியில் பண்ணை நடத்திய ஆந்திரே வாசான் என்பவர். அவர் இரசாயனம் கற்றவர். தம் பசுக்கள் புல் மேய்வதை மணிக்கணக்கில் நின்று கவனித்தவர். 1957இல் வெளியான தம் நூலில் அவர் நிலைநாட்டிய கருத்து இது: ஒரு நிலம் மேய்ச்சலால் அழிவதற்குக் காரணம் மாடுகளின் எண்ணிக்கை அதிகம் என்பது மட்டும் அன்று, ஒருமுறை கடிபட்ட புல் மீண்டும் தலையெடுக்கும் முன்பே மறுமுறை கடிபடுவதுதான் மூல காரணம். இலை போனால் புல் தன் வேரில் சேமித்து வைத்த சத்தை எடுத்தே புது இலை விடுகிறது. இலை விரிந்து வெயிலை வாங்கி வேருக்குக் கடனைத் திருப்பிக் கொடுப்பதற்குள் மறுபடியும் கடித்துவிட்டால் வேர் சுருங்கும். வேர் சுருங்கினால் மழைநீர் இறங்குவதில்லை. நீர் இறங்காத தரையில் புல் போய் முள்ளும் கள்ளியும் மிஞ்சும். போதிய ஓய்வு கிடைத்தாலோ, மடிந்த வேர்கள் மண்ணுக்கு உரமாகி, மண் துளைகள் விட்டு, சாணத்தைப் பூச்சிகள் உள்ளே கொண்டு சேர்க்க, தரை வருஷத்துக்கு வருஷம் கனிகிறது. மண்ணை மீட்கும் மேய்ச்சல் என்று இன்று உலகம் பேசுவதன் உட்பொருள் இந்த ஓய்வுக்காலமே.

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நம் கொழுக்கட்டைப்புல் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்கும் போயிருக்கிறது. ஒட்டகங்களோடு சென்றவர்களின் சேணத் திணிப்பில் அதன் விதை ஒட்டிக்கொண்டு போயிற்று என்று சொல்லுவார்கள். அங்கே மத்திய பாலைப் பிரதேசங்களிலும், அமெரிக்காவின் அரிசோனாவிலும், அது சுதேசச் செடிகளை ஒழித்து, காட்டுத்தீக்கு விறகாகி, அழிக்கப்பட வேண்டிய களையாகக் கருதப்படுகிறது. காங்கயத்தில் அன்னமிடும் புல் மற்றோர் இடத்தில் தீயிடும் புல் ஆகிறது. ஆகையால் ஒரு தேசத்தில் பலித்த திட்டத்தைப் பெயர்த்து வந்து மற்றொரு தேசத்தில் நட்டுவிடலாம் என்று எண்ணுவோர், முதலில் இந்தப் புல்லின் சரித்திரத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு திட்டம் தீட்டுவது நல்லது.

கொறங்காட்டைக் காத்து வந்த பொருளாதாரம் எது? ஏரும் வண்டியும், கிணற்றில் நீர் இறைக்கும் கவலையும் இழுத்த காங்கயம் காளைதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் பேணி வளர்த்த அந்த இனத்துக்கு இருந்த கிராக்கியால், கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் ஒரு ஜோடி நல்ல காளைக்குக் கிடைத்த விலையே, படல் சாத்தியிருந்த மாதங்களுக்கெல்லாம் சேர்த்துக் கிடைத்த கூலியாக இருந்தது. மோட்டார் பம்பு வந்து கவலையை நிறுத்திற்று. டிராக்டர் வந்து ஏரை நிறுத்திற்று. லாரி வந்து வண்டியை நிறுத்திற்று. காளைக்கு விலை போனதும் புல்லுக்கும் விலை போயிற்று. இன்று அந்தக் காடுகளுக்கு நடுவே காற்றாலைகள் சுழல்கின்றன. சூரிய மின் பலகைகள் ஏக்கர் கணக்கில் பரப்பப்படுகின்றன. சாலையோரத்துக் காடுகள் மனைகளாகின்றன. இவற்றைச் செய்கிறவர்களை நான் குறை கூறவில்லை. மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் பணம் தேடும் ஒருவர், புல் தரும் வருமானத்தையும் குத்தகைக்கு வருகிற கம்பெனி தரும் வருமானத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பாட்டனார் ஊன்றிய கிளுவை வேலியை நினைத்து எத்தனை நாள் தயங்கி நிற்பார்?

ஆனால் அந்தக் காட்டினால் பயன் பெற்றவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். புல் இருந்தவரையில் பெய்த மழை தரையில் இறங்கிற்று. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊறிற்று. ஆடி மாதக் காற்றில் புழுதி எழவில்லை. கிளுவை வேலியில் கௌதாரியும் முயலும் கீரியும் குடியிருந்தன. நாட்டின் பெருமைக்குரிய ஒரு மாட்டினம் வித்தோடு பிழைத்திருந்தது. இத்தனை நன்மையும் ஊருக்குப் போக, காத்திருக்கும் கஷ்டம் மாத்திரம் தனி மனிதர் ஒருவர் தலையில் விழுவது நியாயமாகுமா? பொருளுதவி வேண்டும் என்று நான் வாதிப்பதற்கு ஆதாரம் இதுவே. இதைத் தான தருமமாக எண்ணி யாரும் கை நீட்ட வேண்டியதில்லை. செய்த காரியத்துக்குரிய பங்கை வாங்கிக்கொள்கிறோம் என்று நிமிர்ந்து நின்றே கேட்கலாம்.

இந்த நியாயத்தை அமெரிக்க தேசம் பெருந்துன்பத்தின் பிறகே ஒப்புக்கொண்டது. நடுச் சமவெளியின் புல்வெளிகளைக் கோதுமைக்காக உழுது தள்ளியதன் விளைவாக, 1930களின் வறட்சியில் மேல்மண் மேகமாக எழுந்து, கிழக்குக் கடற்கரையிலுள்ள வாஷிங்டன் நகரம் வரையில் சென்று இருளைப் பரப்பிற்று. 1934இல் அரசாங்க நிலங்களில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்த டெய்லர் சட்டம் வந்தது. 1935இல் ஹியூ ஹாமண்ட் பென்னட் என்பவரின் இடைவிடாத முயற்சியால் மண் பாதுகாப்புக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. 1936இல், மண்ணை உறிஞ்சும் பயிர்களை விட்டுப் புல்லும் பருப்பு வகைச் செடிகளும் வளர்ப்பவருக்குப் பணம் கொடுக்கும் சட்டமும் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1985இல், அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை புல்லுக்கு விட்டுவைக்க ஒப்பந்தம் செய்து, வருஷந்தோறும் வாடகை கொடுக்கும் பெருந்திட்டத்தை அவர்கள் தொடங்கினார்கள். 1996 முதல் இன்னொரு திட்டம்: சுழற்சி முறையில் மேய்க்க விரும்புவோருக்கு வேலியும் தண்ணீர்த் தொட்டியும் அமைக்கும் செலவில் முக்கால் பங்கு வரையிலும், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு வரையிலும் அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. அத்திட்டத்தின் நிதியில் பாதி கால்நடை சம்பந்தமான காரியங்களுக்கே செல்ல வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. இவ்வகைத் திட்டங்களுக்காக 2022இல் கூடுதலாக ஒதுக்கிய தொகை 1,950 கோடி டாலர்.

இந்தத் தொகையைக் கேட்டு மலைத்துவிடக் கூடாது. அது போன வழியைப் பார்க்க வேண்டும். வாடகை கொடுத்துப் புல்லாக வைத்திருந்த நிலம் 2007இல் 3.68 கோடி ஏக்கர். அதன்பின் மக்காச்சோளத்தின் விலை ஏறிற்று. திட்டத்தின் உச்சவரம்பையும் சட்டசபை குறைத்தது. பத்து ஆண்டுகளுக்குள் அந்தப் பரப்பு ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கராகச் சுருங்கிற்று. முப்பது ஆண்டுகள் வேர்விட்ட புல்லை ஒரு பருவத்து உழவு புரட்டிப் போட்டுவிடுகிறது. சந்தை விலை ஏறும்போது ஏறாத மானியம், மிகவும் வேண்டியிருக்கும் சமயத்திலேயே கைவிட்டுவிடும் என்பது இதனால் தெரிகிறது. மற்றொன்றும் உண்டு. கால்நடைக்கென்று ஒதுக்கிய பாதி நிதியில் ஒரு பகுதி, ஆயிரக்கணக்கான விலங்குகளை ஓரிடத்தில் அடைத்து வளர்க்கும் பெரிய கொட்டில்களின் சாணக் குட்டைகளைக் கட்டவும் சென்றிருக்கிறது. கட்டடத்துக்கு ரசீது உண்டு, அளவு உண்டு, புகைப்படம் உண்டு. காத்திருந்ததற்கு ரசீது ஏது? ஆகவே எந்த நாட்டிலும் மானியம் கட்டடத்தை நோக்கியே ஓடுகிறது.

ஆஸ்திரேலியா வேறு வழி கண்டது. அங்கே மண்ணில் சேர்ந்த கரியின் (கார்பனின்) அளவை ஆழத் துளையிட்டு எடுத்த மாதிரிகளால் கணக்கிட்டு, அதற்கீடாகக் கார்பன் வரவுப் பத்திரம் வழங்குகிறார்கள். விக்டோரியா மாகாணத்துப் பண்ணையாளர் ஒருவர் 2019இல் அந்த முறைப்படி முதல் வரவைப் பெற்றார். பெறுகிறவர் அந்தக் கரியை 25 ஆண்டுகளோ 100 ஆண்டுகளோ மண்ணில் காப்பதாக உறுதி கொடுக்க வேண்டும். பெரிய பண்ணைகளுக்கு இது பொருந்தலாம். நான்கு ஏக்கர் காட்டை வைத்துக்கொண்டு, தன் ஆயுளுக்கே உத்தரவாதம் சொல்ல முடியாத ஒரு குடியானவர், நூறு ஆண்டுக்கு எப்படிக் கையெழுத்திடுவார்? துளையிட்டுச் சோதிக்கும் செலவே அவருடைய வரவை விழுங்கிவிடும்.

கரியைப் பற்றிய கணக்குகளிலும் அளவுக்கு மீறிய நம்பிக்கை கூடாது. மேய்ச்சலை ஆதரித்துப் பேசுகிற நானே இதைச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. சுழற்சி மேய்ச்சல் என்ற பெயர் ஒன்றினாலேயே புல் அதிகமாக விளைந்துவிடுவதில்லை என்பதைப் பல சோதனைகளை ஒப்பிட்டு 2008இல் பிரிஸ்க் என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை எடுத்துக் காட்டிற்று. 2017இல் ஆக்ஸ்போர்டைச் சார்ந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று, நல்ல முறையில் நடக்கும் மேய்ச்சல்கூட, மேய்கிற விலங்குகள் விடும் வாயுக்களில் 20 முதல் 60 சதவீதத்துக்கு மேல் ஈடு செய்யாது என்று கணக்கிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்துப் பண்ணை ஒன்றைப் பற்றிய 2020ஆம் ஆண்டு ஆராய்ச்சி, மண்ணில் கரி மிகுதியாகச் சேர்ந்ததைக் காட்டியதோடு, அதே அளவு இறைச்சிக்கு வழக்கமான முறையைக் காட்டிலும் இரண்டரை மடங்கு நிலம் தேவைப்பட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிற்று. ஆகாயத்தைச் சுத்தம் செய்வதாக வாக்களித்துப் பணம் வாங்கினால், கணக்கு பிசகும் நாளில் புல்லின் பெயரும் சேர்ந்து கெடும். தண்ணீர் இறங்கியதும், புழுதி அடங்கியதும், கன்று பிழைத்ததும் கண்ணுக்குத் தெரிகிற பலன்கள். அவற்றுக்காகக் கேட்பதே யோக்கியமான வழி.

கென்யாவின் வடபகுதியில் நடந்ததும் நமக்கு ஒரு பாடம். ஏறத்தாழ 19 லட்சம் ஹெக்டேர் பரப்பில், சம்புரு, போரானா முதலிய மேய்ப்பர் குலங்களின் பூமியில், மேய்ச்சலைத் திட்டப்படுத்துவதால் மண்ணில் கரி சேர்கிறது என்று காட்டி வரவுகளை விற்கும் ஏற்பாடு நடைபெற்றது. மழை போகும் திசையை அறிந்து மந்தையை நகர்த்தும் சம்பிரதாயம் அந்த மக்களிடம் முன்பே இருந்தது என்றும், வெளியிலிருந்து வந்த அட்டவணை அதைக் குலைக்கிறது என்றும் சர்வைவல் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2023இல் வன்மையாகக் கண்டித்தது. தெரிந்ததைச் செய்து வருகிறவனை ஒன்றும் தெரியாதவனாகப் பாவித்து, அவனுக்குக் கற்பித்ததாகக் கணக்கு எழுதிப் பணம் பண்ணும் ஏற்பாடு எந்தத் தேசத்தில் நடந்தாலும் அநீதிதான்.

இனி நம் வீட்டுக்கே திரும்புவோம். மேய்ப்பனுக்குப் பணம் கொடுப்பது என்ற யோசனை தமிழ்நாட்டுக்குப் புதியதா? அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் தம் மந்தைகளோடு காவிரிப் பாசனத்து வயல்களை நோக்கி நடக்கிறார்கள். பகலில் தாளடியிலும் வரப்பிலும் மேய்ந்த ஆடுகள் இரவில் ஒரு மிராசுதாரின் வயலில் கிடை போடப்படுகின்றன. குட்டிகள் கூட்டுக்குள்ளும் தாய்கள் கிடைக்குள்ளும் இருக்க, ஓர் ஆள் இரவு முழுவதும் நரிக்கும் திருட்டுக்கும் கண் விழிக்கிறார். மறுநாள் கிடையைப் பெயர்த்துப் பக்கத்துத் துண்டில் கட்டுகிறார்கள். இப்படியே வயல் முழுவதும் புழுக்கையும் மூத்திரமும் சமமாகப் பரவுகின்றன. அதற்காக வயலுக்குடையவர் முன்காலத்தில் நெல்லாகவும், இக்காலத்தில் ரொக்கமாகவும் கிடைக்கூலி கொடுக்கிறார். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று பழமொழி சொல்லுகிறதே, அந்தக் கணக்கை அறிந்து, இத்தனை ஆட்டுக்கு, இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அரசாங்கமும் இல்லை, தரகரும் இல்லை, மேய்ச்சலுக்கும் மண்வளத்துக்கும் இடையே நேரே ஓடும் பணம் அது. உலகம் இன்று தேடுகிற ஊக்கத்தொகை நம் வயல் வரப்பில் எத்தனையோ காலமாகக் கைமாறி வருகிறது.

அந்தக் கிடைக்கூலி மெலிந்து போனதற்கும் ஒரு மானியமே காரணம் என்பதை நினைக்கும்போது வருத்தம் மேலிடுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடக்க விலையின் பெரும்பகுதியை மத்திய அரசாங்கம் தாங்குகிறது. இரசாயன உரத்துக்காக 2022-23இல் அது செலவிட்ட மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். அந்த மானியத்தால் பசி தீர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆயினும் மூட்டையில் வரும் சத்துக்கு மானியம், புழுக்கையில் வரும் சத்துக்கு ஒன்றும் இல்லை என்றால், வயலுக்குடையவர் எதை நாடுவார்? கிடை போட வருகிற கீதாரியிடம் கூலியைக் குறைத்துப் பேசுகிறார். கீதாரியின் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுகிறான்.

கால்நடைக்கென்று இப்போதுள்ள உதவிகளோ இவர்களை எட்டுவதில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதம மந்திரி கிசான் திட்டம் நிலம் உடையவருக்கு. ஊர் ஊராக நடக்கும் கீதாரியின் பெயரில் பட்டா ஏது? தேசிய கால்நடை இயக்கம் ஆட்டுப் பண்ணைக்கு மூலதனத்தில் பாதியை, 50 லட்சம் ரூபாய் வரையில், மானியமாக அளிக்கிறது. ஐந்நூறு ஆடுகளுக்கு மேல் வைத்து, கொட்டகை எழுப்பி, வங்கியில் கடன் வாங்கும் தகுதியுள்ளவர்களுக்கே அந்த முழுத் தொகை கிட்டும். ஆட்டைப் பரண்மேல் ஏற்றுவதற்குப் பணம் இருக்கிறது. மண்ணில் நடத்துவதற்குப் பணம் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எப்படி மாற்றுவது? கொறங்காட்டைப் புல்லாகவே வைத்திருப்பவருக்கு, ஏக்கர் கணக்கில், ஆண்டுதோறும் ஒரு தொகை. அந்தத் தொகைக்கு ஒரே ஒரு கடமை: மழை விழுந்தது முதல் புல் விதை உதிர்க்கும் வரையில் படல் சாத்தியிருக்க வேண்டும். இதைச் சரிபார்க்கச் செயற்கைக்கோளும் வேண்டாம், பரிசோதனைச் சாலையும் வேண்டாம். தை மாதத்தில் கிராம சபையார் நாலு பேர் காட்டுக்குள் நடந்து போய், தூரில் கதிர்க்காம்பு நிற்கிறதா, தரை வெளுத்துக் கிடக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஏக்கருக்கு இத்தனை உருப்படிக்கு மேல் கூடாது என்ற வரம்பையும் அவர்களே ஆண்டின் மழையைப் பார்த்து வகுக்கட்டும். வேலிக்கு உதவி கொடுப்பதானால் கிளுவைப் போத்து ஊன்றும் கூலியாகக் கொடுக்கலாம். கம்பி வேலிக்கு ஒரு காசும் வேண்டாம். சீமைக்கருவேலம் புகுந்த காட்டைத் திருத்தி மீண்டும் புல் விதைப்பவருக்கு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வருமானமே இராது என்பதனால், அந்த ஆண்டுகளில் தொகை கூடுதலாக இருப்பது அவசியம்.

இதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. பல கொறங்காடுகளில் நிலம் ஒருவருடையது, மேய்ப்பவர் ஆண்டுக் குத்தகைக்காரர். பணம் முழுவதும் பட்டாதாரருக்குப் போகும் என்று தெரிந்தால், குத்தகைக்காரரை வெளியேற்றிவிட்டு வெறுங்காட்டைக் காட்டிப் பணம் வாங்குவோர் தோன்றுவார்கள். மேயாத புல்லும் நாளடைவில் முற்றிக் கட்டையாகித் தன் நிழலிலேயே செத்துப்போகும். ஆகையால் படலைத் திறந்து சாத்தும் கைக்கு ஒரு பங்கு தனியே குறிக்கப்பட்டு, அது நேராக அவர் கணக்கில் சேர வேண்டும். குத்தகை வாய்ப்பேச்சாக இருந்தாலும், ஊரார் சாட்சியம் அதற்குப் போதுமென்று விதி செய்ய வேண்டும். நிலமற்ற கீதாரிக்கோ கிடைச்சீட்டு ஒன்று போதும்: இன்ன வயலில் இத்தனை ஆடு இத்தனை இரவு கிடந்தது என்று வயலுக்குடையவர் கையெழுத்திட்டால், அவர் கொடுத்த கூலியோடு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கட்டும். யூரியாவுக்குப் போகிற பெருந்தொகையில் ஒரு சிறு துளியை இந்தப் பக்கம் திருப்பினாலே இது நடக்கும். கிராமங்களின் மேய்க்கால் புறம்போக்கு நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்பதற்கு, ஊர்ப் பொது நிலங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு துணை நிற்கிறது. மந்தை நடந்து போகும் வழியில் தங்க இடமில்லையென்றால் சீட்டு மட்டும் என்ன செய்யும்?

கடைசியாக, பணம் வரும் மாதம். இதை இலாகாவினர் சிறு விஷயமாக எண்ணக் கூடும். மாடு வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. நம் மானியங்கள் பெரும்பாலும் இலாகாவின் கணக்குக்கு ஒத்துவரும்போது, எப்போதோ ஒரு நாள் வந்து சேருகின்றன. காங்கயத்துக் காட்டில் பங்குனியும் சித்திரையும்தான் புல் தீர்ந்து, தட்டுப்போர் கரைந்து, வெள்வேலங்காய் இன்னும் முழுதாக உதிராத மாதங்கள். அந்த இரண்டு மாதங்களில் தீவனம் வாங்கக் கையில் காசில்லாதவர், ஒன்று, ஓய்வில் இருக்க வேண்டிய காட்டின் படலைத் திறந்துவிடுகிறார். அல்லது நல்ல பசுவைக் கயிற்றோடு சந்தைக்கு ஓட்டிப் போகிறார். தை மாதத்தில் கிராம சபையார் காட்டைப் பார்த்து எழுதிய அறிக்கை மாசிக்குள் தாலுகாவுக்குப் போய், பங்குனி முதல் வாரத்தில் தொகையின் பெரும்பகுதியும், அடுத்த மழைக்கு முன் விதை வாங்க ஆடியில் மிச்சமும் வந்து சேரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனி மாதத்தில் வருகிற பணத்தைக் கொண்டு, சித்திரையில் விற்ற பசுவைத் திரும்ப வாங்க இயலாது.